பன்னிரண்டு வருஷம் நின்ற பஞ்சமம்

1961-ஆம் வருஷம் ராமநவமி உற்சவத்தின் ஆறாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு மைசூர் அக்ரஹாரத்தில் ஆரம்பித்த கனகலக்ஷ்மியின் கச்சேரி, 1973-ஆம் வருஷம் அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. நடுவில் பன்னிரண்டு வருஷம் ஏழு மாசம் ஒரே ஒரு ஸ்வரம் தெருவில் நின்றுகொண்டிருந்தது. மந்தர ஸ்தாயிப் பஞ்சமம். அடிவயிற்றிலிருந்து வருகிற 'ப' என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பாதவர்கள் அக்ரஹாரத்துக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், சாப்பாட்டு வேளையில் மட்டும் வந்து கதவைத் தட்ட வேண்டாம்.

வாத்தியம் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒன்று கட்டிவிடுவார்கள். கனகலக்ஷ்மியின் அப்பா பட்டாபிராமன் மைசூர் ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். 1943-இல் எந்த ஊரிலிருந்தோ ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி வந்து இறங்கியது. கேட்பாரில்லாமல் ஆறு மாசம் கிடந்தது. ஏலத்தில் விட்டபோது ஒல்லியான ஒருவருக்குச் செய்த சவப்பெட்டி என்று பயந்து ஒருவரும் வாய் திறக்காததால் பட்டாபிராமனே எடுத்து ஜட்காவில் ஏற்றிக்கொண்டு வந்தார். திறந்தால் உள்ளே பிடிலுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு வாத்தியம். அது செல்லோ என்று அரண்மனை பாண்டில் கிளாரினெட் வாசிக்கிற பசவராஜ் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது. அப்போது கனகலக்ஷ்மிக்குப் பதினோரு வயசு. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாண்ட் ஒத்திகை நடக்கும்போது கோட்டைச் சுவருக்கு வெளியே நின்று கேட்பாள், வீட்டுக்கு வந்து தேடிப் பார்ப்பாள். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி முக்காலியில் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய வாத்தியம், அதுவும் ஒரு பெண் குழந்தை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பின்னாளில் பெண் பார்க்க வந்த மூன்று கோஷ்டிகளும் வாசிப்பைக் கேட்டுவிட்டுக் காபி ஆறும்முன்பே எழுந்து போயின. மூன்றாவது கோஷ்டி போன அன்றைக்குப் பட்டாபிராமன், பீடை விட்டது, நீ வாசி என்று சொல்லிவிட்டார். அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள், தினமும் மூன்றரை மணிக்குத் திரும்பி வந்து பின்கட்டில் வாசித்தாள்.

இருபத்தேழு வயசில் அவள் ஒரு கன்சர்ட்டோ எழுதி முடித்தாள். கன்சர்ட்டோ என்றால் ஒரு வாத்தியம் முன்னால் நின்று பேசும், மற்றவை பதில் சொல்லும், சண்டை போடும், கடைசியில் சேர்ந்துகொள்ளும். மாமியார் வீட்டுச் சமாசாரம் மாதிரிதான், ஆனால் சுருதியோடு. செல்லோவுக்குத் துணையாக ஆறு பேர்: பசவராஜின் கிளாரினெட், இரண்டு பிடில், ஒரு வீணை, ஒரு மிருதங்கம், சாம்பசிவத்தின் கடம். மொத்தம் மூன்று பாகம். காகிதத்தில் எழுதினால் பாதிப் பேருக்குப் படிக்க வராது என்பதால் ஏழு பேரும் இரண்டு வருஷம் பின்கட்டில் உட்கார்ந்து நெட்டுருப் போட்டார்கள். ஒரு தடவையாவது அதைத் தன் தெருவில், மைக் வைத்து, முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. அதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

கேட்க வேண்டியிருந்தது ராமோத்ஸவ கமிட்டி செக்ரட்டரி நாராயணஸ்வாமியிடம். அவர் ஓய்வுபெற்ற சிரஸ்தேதார், அதாவது தாலூகா ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. தாளத்தில் புலி என்று பெயர். முன்வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் அவர் போடுகிற தாளத்தின் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும், பெரிய பெரிய வித்வான்களே அந்தத் தொடையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் பாடுவார்கள். கண்டிப்புக்காரர். மங்களம் ஆகும் முன் எழுந்து செல்வது ராமனுக்கு அபசாரம் என்று நோட்டீஸில் எட்டு வருஷமாக அச்சடித்துவந்தவர் அவர்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடுவில் எழுந்த ஒரு டாக்டரையே உட்கார வைத்திருக்கிறார். கனகலக்ஷ்மி வந்து கேட்டபோது ஏதோ பெரிய பிடில் என்று நினைத்து ஆறாம் நாள் நாலரையிலிருந்து ஐந்தரை வரை கொடுத்துவிட்டார். நோட்டீஸிலும் 'பெரிய பிடில் கச்சேரி' என்றே போட்டார். அவள் முக்காலியோடு மேடையேறியதைப் பார்த்ததும் முகம் கடுத்தது, ஆனால் கொடுத்த வாக்கை மாற்றவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் பாகம் நன்றாகவே போனது. பானகமும் கோசம்பரி என்கிற வடைப்பருப்பும் சுற்றில் வந்துகொண்டிருந்தன. இரண்டாம் பாகத்தில் மிருதங்கமும் கடமும் ஓய்ந்து செல்லோ தனியாக நின்றது. அதில் கணக்கு டீச்சரின் குறும்பு ஒன்று இருந்தது. ஏழு எண்ணிக்கை, அப்புறம் ஐந்து, அப்புறம் ஒன்பது, மறுபடி ஏழு. நாராயணஸ்வாமி முதல் சுற்றில் திணறினார், இரண்டாம் சுற்றில் பிடித்துவிட்டதாக நினைத்தார், மூன்றாம் சுற்றில் பலமாக ஒரு போடு போட்டார். அங்கே ஒன்றுமே இல்லை. செல்லோ மூச்சு விடுகிற இடம் அது. பந்தல் முழுக்க அந்தத் தொடைச் சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள், வாய்விட்டு, வயிறு குலுங்க, ஒரே ஒரு சிரிப்பு. யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் குரலை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை.

செல்லோ கீழிறங்கிப் பஞ்சமத்தைத் தொட்ட வேளையில் அவர் மேடையேறி, மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "போதும்" என்றார். சுவிட்சை அணைத்தார். அடுத்த கச்சேரிக்கு வந்திருந்த பாடகரைக் கைகாட்டி அழைத்தார். கனகலக்ஷ்மி வில்லை எடுத்தாள். வில் தந்தியை விட்டு வந்துவிட்டது, ஸ்வரம் வரவில்லை. அவள் செல்லோவைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், ஆறு பேரும் பின்னாலேயே போனார்கள், பஞ்சமம் மேடையிலேயே நின்றது. பாடகர் அதற்குத் தகுந்தபடி தன் சுருதியை வைத்துக்கொண்டு பாடினார். அன்றைக்குப் போல அவருக்குச் சுருதி சேர்ந்ததே இல்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். அவர் தன் கச்சேரிக்கு மங்களம் பாடினார், ஜனங்கள் எழுந்து போனார்கள், நாராயணஸ்வாமியும் எழுந்தார். பந்தலின் வாழைமரம் வரைக்கும் போனார். அதற்கு மேல் கால் எழும்பவில்லை. அவரே அச்சடித்த விதி அது, கனகலக்ஷ்மியின் கச்சேரிக்கு மங்களம் ஆகவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது உறைக்கவில்லை, ஆகையால் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

உற்சவம் முடிந்து பந்தலைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போவதற்குள் அவிழ்த்த முடிச்சு தன்னைத் தானே கட்டிக்கொண்டது. மூன்று நாள் பார்த்துவிட்டு, எங்களுக்கு வேறே வேலை இருக்கு சுவாமி என்று போய்விட்டார்கள். மைக் செட்காரர் ஸ்டாண்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு அவரும் போனார். கீற்று காயவில்லை, வாழைமரம் வாடவில்லை. நாராயணஸ்வாமி பந்தலிலேயே குடியிருந்தார். குளியல் முதலான சமாசாரங்களுக்குப் பின்மூலையில் தட்டி கட்டிக் கொடுத்தார்கள். அவருடைய மனைவி அன்னபூர்ணி எதிர்வீட்டிலிருந்து நாற்பது அடி நடந்து இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டுவந்தாள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அதிகம் பேசாதவள், அப்போதும் பேசவில்லை.

மறு வருஷம் மதராஸிலிருந்து ஒரு மகா வித்வானைக் கூட்டிவந்து மங்களம் பாட வைத்தார்கள். பஞ்சமம் அசையவில்லை. இது என் கச்சேரி இல்லையே ஓய், நான் எப்படி முடிக்க முடியும் என்று கேட்டுவிட்டு அவர் ராத்திரி ரயிலுக்கே கிளம்பினார். 1964-இல் தசரா யானை ஒன்றைக் கொண்டுவந்து கம்பத்தை இழுக்கச் சொன்னார்கள். யானை கம்பத்தில் காதை வைத்தது, வைத்தபடியே சாயங்காலம் வரை நின்றது, பாகனுக்கு அழுகை வந்துவிட்டது. நாராயணஸ்வாமி சத்தத்தைப் பற்றி ஆபீஸ் ஆபீஸாக மனு எழுதினார். சத்தமானால் எங்கள் இலாகா, ஸ்வரமானால் வேறு இலாகா, எது என்று நிரூபித்து அனுப்பவும் என்று பதில் வந்தது. தெரு பழகிக்கொண்டது. கோவில் நாகஸ்வரக்காரர் அதில் சுருதி சேர்த்தார். பால்கார கெம்பம்மா "ஹாலு" என்று கூவுவதையே அந்த ஸ்தாயிக்கு மாற்றிக்கொண்டாள், பசு கால்படி கூடக் கறக்கிறது என்று சத்தியம் பண்ணினாள். ஸ்கூட்டர்கள் பந்தலைச் சுற்றிப் போயின.

கமிட்டிக்காரர்கள் கனகலக்ஷ்மி வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள். ஐந்து நிமிஷம் மங்களத்தை மட்டும் வாசித்துவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்றார்கள். பெரிய ஹாலில் வாசிக்க ஏற்பாடு பண்ணுகிறோம் என்றார்கள். பொன்னாடை என்றார்கள். அவள் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டே ஒரே பதிலைத்தான் சொன்னாள். விட்ட இடத்திலிருந்து, அதே பந்தலில், அதே ஆறு பேரோடு வாசிப்பேன். மிச்சம் முதலில், மங்களம் அப்புறம். 'போதும்' என்று சொன்ன அதே மைக்கை அவரே போட்டு 'ஆரம்பிங்கோ' என்று சொல்ல வேண்டும். இதை அவரிடம் போய்ச் சொன்னால், ஒரு பெண்பிள்ளை சொல்லி நான் சுவிட்ச் போடுவதா என்று அவர் துண்டை உதறுவார். அவர் விடாக்கண்டன், அவள் கொடாக்கண்டி. இப்படியே வருஷங்கள் போயின. பசவராஜ் ஓய்வுபெற்றுக் குண்டலுபேட்டைக்குப் போய் வாழைத் தோட்டம் வைத்தார். பட்டாபிராமன் காலமானார். 1969-இல் கடம் வாசித்த சாம்பசிவம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அன்றைக்குத்தான் கனகலக்ஷ்மி அழுததைத் தெரு பார்த்தது. கடத்தின் வாசிப்பு காகிதத்தில் இல்லை, அவர் கையில் மட்டும் இருந்தது. இனிமேல் எப்படி முடிப்பாய் என்று கேட்டவர்களிடம், முடிப்பேன் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் மூன்றரை மணிக்கு வழக்கம் போல வாசிப்புச் சத்தம் கேட்டது.

1973-இல் ராஜ்யத்துக்கே பெயர் மாறுவதாயிற்று. நவம்பர் ஒன்றாம் தேதி மைசூர் என்பது போய்க் கர்நாடகம் ஆகும், ஊர்வலம் அக்ரஹாரம் வழியாகப் போகும், அதற்குள் பந்தல் போயாக வேண்டும் என்று மேலிடத்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து சொன்னார். பந்தலை மிரட்டிப் பயனில்லை என்பதால் டீச்சரை மிரட்டினார். முப்பத்தொன்றாம் தேதிக்குள் மங்களம் வாசிக்காவிட்டால் காட்டோரத்து மார்டள்ளிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல், உத்தரவு கையெழுத்தாகித் தயாராக இருக்கிறது. கனகலக்ஷ்மி அதை வாங்கிப் படித்தாள், மடித்தாள். "சந்தோஷமாப் போறேன் சார். செல்லோ என்னோட வரும். பஞ்சமம் இங்கேயே இருக்கும்" என்றாள். அன்றைக்கே படுக்கையைக் கட்ட ஆரம்பித்தாள். பயம் இல்லை என்று சொல்ல முடியாது. மூடிய பெட்டியை இரண்டு தடவை திறந்து திறந்து பார்த்ததைப் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவள் போய்விட்டால் அந்தக் கன்சர்ட்டோ ஜன்மத்துக்கும் பாதியிலேயே நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் அன்னபூர்ணி நாற்பது அடியையும் நடந்து வந்தாள். கையில் சாப்பாட்டுக் கேரியர் இல்லை, இடுப்பில் காலிப் பித்தளைக் குடம் இருந்தது. புருஷன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஏழு, ஐந்து, ஒன்பது என்று தட்டினாள். ஒரு இடம் பிசகவில்லை. அவளுடைய சமையலறைச் சுவரும் கனகலக்ஷ்மியின் பின்கட்டுச் சுவரும் ஒன்றே. ஒத்திகை நடந்த நாளிலிருந்து சாம்பசிவத்தின் பாகம் முழுவதும் அந்தச் சுவர் வழியாக, அவர் ஒருநாளும் எட்டிப் பார்க்காத அந்தச் சமையலறையில், அவள் கைக்கு வந்துவிட்டிருந்தது. நாராயணஸ்வாமி பார்த்துக்கொண்டே இருந்தார். தொடையின்மேல் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"மிச்சம் எப்படி முடியறதுன்னு இந்தத் தெருவில அத்தனை சமையலறைக்கும் தெரியும்" என்றாள் அன்னபூர்ணி. "பன்னெண்டு வருஷமா உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. சுவிட்சைப் போடுங்கோ. போடற வரைக்கும் சாப்பாடு கிடையாது."

அவர் அன்றைக்கும் மறுநாளும் பட்டினி கிடந்தார். வீம்பு என்றால் சும்மாவா? முப்பத்தொன்றாம் தேதி காலை பசியை விடப் பெரிய ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பஞ்சமத்துக்கு அப்புறம் என்னதான் வரும் என்கிற கேள்வி அது. ஒரே ஸ்வரத்துக்குக் கீழே பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. எட்டு மணிக்கு ஆளைக் கூப்பிட்டு, எல்லோரையும் வரச் சொல் என்றார். பசவராஜுக்குக் குண்டலுபேட்டைக்கு டிரங்க் கால் போட்டார்கள். அவர் கிளாரினெட்டோடு ஒரு வாழைத்தாரையும் தூக்கிக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். சாம்பசிவத்தின் இடத்தில் அன்னபூர்ணி குடத்தோடு உட்கார்ந்தாள். கனகலக்ஷ்மி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள், குடத்தின் வாயைச் செல்லோ பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

ஐந்து மணிக்கு நாராயணஸ்வாமி மேடையேறி சுவிட்சைப் போட்டார். "ஆரம்பிங்கோ" என்றார். கனகலக்ஷ்மி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த பஞ்சமத்தின் மேல் வில்லை வைத்தாள். அந்த ஸ்வரம் நகர்ந்தது. பன்னிரண்டு வருஷம் நின்றதற்குக் கால் மரத்துப் போயிருக்குமோ என்று பயந்தவர்கள் உண்டு, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. கிளாரினெட் கேள்வி கேட்டது, செல்லோ எதிர்த்துப் பேசியது, பிடில்கள் இரண்டும் கட்சி மாறின. மூன்றாம் பாகத்தில் குடம் உள்ளே வந்தது. ஏழு, ஐந்து, ஒன்பது எல்லாம் மறுபடி வந்தன, இந்தத் தடவை இரட்டை வேகத்தில். செல்லோ மூச்சு விடுகிற அந்த வெற்றிடமும் வந்தது. அன்னபூர்ணியின் கை அந்தரத்தில் சரியாக நின்றது. நின்ற சந்தோஷம் தாங்காமல் அவள் சிரித்துவிட்டாள், வாய்விட்டு, வயிறு குலுங்க. முதல் நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக யார் யார் மேலோ சந்தேகப்பட்ட சிரிப்பு. தன் வீட்டில் இருபத்திரண்டு வருஷம் ஒரு தடவை கூடக் கேட்காத சிரிப்பு. அவருக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் ஏழு பேரும் சேர்ந்து ஷட்ஜத்தில் வந்து இறங்கினார்கள். மங்களம் மட்டும் பாக்கி. நாராயணஸ்வாமி எழுந்து மைக்கிடம் வந்தார். "மங்களம் வேண்டாம்மா" என்றார். "நான் இப்படியே இருந்துடறேன். நீங்க தினமும் வாசிங்கோ. இது முடியவே வேண்டாம்." ஜீப் அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

கனகலக்ஷ்மிக்கு மனசு இளகியது, ஆனால் வில் இளகவில்லை. "மாமா, அன்னிக்கு எங்க நிறுத்தணும்னு நீங்க சொன்னேள்" என்றாள். "இன்னிக்கு நிறுத்தக் கூடாதுன்னும் நீங்களே சொல்றேள். என் கச்சேரியை நான் முடிச்சுக்கறேன். கொஞ்சம் உட்காருங்கோ."

அவர் உட்கார்ந்தார். அவள் மங்களம் வாசித்தாள், நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தில் கீற்றெல்லாம் பன்னிரண்டு வருஷத்து வெயிலை மொத்தமாக வாங்கிக்கொண்டு பழுத்துக் காய்ந்தது. வாழைமரம் சாய்ந்தது, முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. கம்பங்கள் மட்டும் மரியாதையாகக் கடைசி ஸ்வரம் வரைக்கும் நின்று அப்புறம் படுத்தன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மறுநாள் ஊர்வலம் அந்த வழியாகத்தான் போனது. மாற்றல் உத்தரவு ரத்தாகி விட்டது என்று சொல்லி அதிகாரி காகிதத்தைத் திருப்பிக் கேட்டபோது கனகலக்ஷ்மி கொடுக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் செல்லோவுக்கும் ஒரு குடத்துக்குமாக அடுத்த கன்சர்ட்டோவை ஆரம்பித்துவிட்டிருந்தாள்.

நாராயணஸ்வாமி நாற்பது அடியையும் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். அடுப்பு பற்றவில்லை, சமைக்கிறவள் தெருவில் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டே பசவராஜோடு மூன்றாம் பாகத்தைப் பற்றி வாதம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவரே அரிசி களைந்து உலை வைத்தார், ரசமும் வைத்தார். அவள் குடத்தோடு வந்து உட்கார்ந்து, ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். கை கழுவிக்கொண்டு வந்த பிறகு அவர் தயங்கித் தயங்கி, அந்த ஏழு, ஐந்து, ஒன்பது எப்படி என்று கேட்டார். அவள் தட்டிக் காட்டினாள். அவர் தொடையில் போட்டுப் பார்த்தார், மூன்றாம் சுற்றில் பழைய இடத்திலேயே பலமாக ஒரு போடு போட்டார். அன்னபூர்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பதினோரு நாள் அக்ரஹாரத்தில் நின்றது. யாரும் மனு எழுதவில்லை.